எந்தத் தமிழைச் சொல்லிக் கொடுப்பது?

கடலூர் சிப்காட் பகுதிக்கு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒரு குடும்பம் வேலைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய எட்டு வயது மகள் ஜூன் மாதத்தில் நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்கிறாள். முதல் நாள் ஆசிரியர் "உக்காரும்மா" என்கிறார். பக்கத்தில் இருக்கும் சிறுமி பாயைத் தட்டி "இங்க குந்து" என்கிறாள். புத்தகத்தைத் திறந்தால் "அமர்ந்தான்" என்று இருக்கிறது. ஒரே செயலுக்கு ஒரே நாளில் மூன்று சொற்கள். மூன்றும் தமிழ்தான், மூன்றும் சரிதான். ஆனால், தமிழே தெரியாமல் வந்திருக்கும் அந்தக் குழந்தைக்கு எதை முதலில் சொல்லிக் கொடுப்பது?

தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் இந்தக் கேள்வி எழுவதில்லை. அவர்கள் தம் வீட்டுத் தமிழோடு வருகிறார்கள். அதன்மேல் நாம் எழுத்தைக் கட்டுகிறோம். புதிதாகக் கற்பவருக்கோ, எந்தத் தமிழ் என்பதை யாராவது தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் குழந்தை மூன்றுக்கும் நடுவே நின்று தடுமாறும். தடுமாறும் குழந்தை பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். பேசாத குழந்தையை நாம் "மெல்லக் கற்பவர்" பட்டியலில் சேர்த்துவிடும் ஆபத்தும் உண்டு.

மற்ற மொழிகளிலும் உள்ள கேள்வி

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குபவர் முதலில் கேட்பதும் இதைத்தான்: ஸ்பெயினில் பேசுவதையா, மெக்சிகோவில் பேசுவதையா, அர்ஜென்டினாவில் பேசுவதையா? சுமார் 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. நண்பர்கள் பலரை ஒன்றாக விளித்து 'நீங்கள்' என்று சொல்ல ஸ்பெயினில் 'வோசோத்ரோஸ்' என்பார்கள். அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் 'உஸ்தேதெஸ்' என்பார்கள். ஒருமையில் 'நீ' என்பதற்கு ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் 'தூ', அர்ஜென்டினாவில் 'வோஸ்'. உச்சரிப்பும் சில அன்றாடச் சொற்களும் நாட்டுக்கு நாடு மாறும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இதற்குச் சொல்லும் விடை எளியது: யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்கள் பேசுவதைக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றவை காதில் விழுந்தால் புரிந்துகொள்ளப் பழகுங்கள்.

நமக்கும் இந்த விடை பொருந்தும். ஆனால் தமிழில் இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது. ஸ்பானிய மொழியில் பேசுவதும் எழுதுவதும் ஓரளவு நெருங்கியே இருக்கும். தமிழில் வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு மாறுவதோடு, எந்த வட்டாரப் பேச்சும் எழுத்துத் தமிழிலிருந்து விலகியே நிற்கிறது. எனவே நாம் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும்: எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது ஒன்று, பேச்சு என்றால் எந்த ஊர்ப் பேச்சு என்பது மற்றொன்று.

நம் பகுதி கண்ட விடைகள்

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706இல் அங்கு வந்து இறங்கிய சீகன்பால்கு, குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். பிறகு ஓலைச்சுவடிகளைப் படிக்கத் தொடங்கினார். வீரமாமுனிவர் இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகப் பார்த்தார். தமிழ் கற்க வரும் ஐரோப்பியப் பாதிரியார்களுக்காக அவர் ஒரே இலக்கணத்தோடு நிற்கவில்லை. மக்கள் வழக்குக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என லத்தீனில் இரண்டு இலக்கணங்கள் எழுதினார். அவற்றுள் கொடுந்தமிழ் இலக்கணம் தரங்கம்பாடி அச்சகத்தில் 1738இல் அச்சானது. பேசுவதற்கும் படிப்பதற்கும் தனித்தனிப் பயிற்சி வேண்டும் என்பதை அந்த இரண்டு நூல்களுமே காட்டுகின்றன.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை 1960களில் தமிழின் கிளைமொழிகளை ஆராய்ந்த முக்கிய மையங்களுள் ஒன்றாக இருந்தது. அங்கே பணியாற்றிய மு. சண்முகம் பிள்ளை, தமிழ் தெரியாதவர்களுக்காகப் பேச்சுத் தமிழ்ப் பாடநூல்களை எழுதினார். பேச்சுத் தமிழையும் முறைப்படி, பாடம் பாடமாகக் கற்பிக்க முடியும் என்பதற்கு அவை நல்ல சான்று.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கே வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்க் குழந்தைகள் ஏராளம். எழுத்துத் தமிழை மட்டும் கற்ற குழந்தைகளுக்குப் பேசத் தயக்கம் இருப்பதைக் கருதி, 2005இல் நடந்த பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தது.

ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சாயல்

இனி வட்டாரத்துக்கு வருவோம். 'வலிக்குது' என்பதை வட மாவட்டங்களில் பலர் 'நோவுது' என்பார்கள். 'வந்துக்கிட்டு' என்பது அங்கே 'வந்துகினு' ஆகும். 'வந்தாங்க' என்பது மதுரை, நெல்லைப் பக்கம் 'வந்தாக' ஆகும். துடைப்பம் வடக்கே 'தொடப்பம்', கொங்குப் பகுதியில் 'சீமாறு', தென்கோடியில் 'வாரியல்'. யாழ்ப்பாணத்தில் பேசுவதைக் 'கதைக்கிறது' என்பார்கள். சாவி அங்கே 'திறப்பு'.

கடலூர் மாவட்டம் இந்த எல்லைகளில் ஒன்றின்மேல் அமர்ந்திருக்கிறது. கடலூர், பண்ருட்டிப் பக்கம் 'குந்து', 'நோவுது' போன்ற வடக்கத்திய வழக்குகள் இயல்பு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் காவிரிப் படுகைப் பேச்சின் சாயல் கலந்து வரும். கடற்கரை ஊர்களின் பேச்சு தனி வளம் கொண்டது. இந்தப் பகுதியின் சொற்களைத் தொகுத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' தந்திருக்கிறார். கரிசலுக்கு கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் இதே பணியைச் செய்திருக்கிறார்கள். வட்டாரச் சொல் பிழையான சொல் அல்ல என்பதற்கு இந்த அகராதிகளே போதும். நம் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டியவை இவை.

இத்தனை வகைகளுக்கும் மேலாக, வெவ்வேறு ஊர்க்காரர்கள் சந்திக்கும்போது பேசிக்கொள்ளும் ஒரு பொதுப் பேச்சும் இருக்கிறது. பேருந்தில், அலுவலகத்தில், திரைப்படத்தில், தொலைக்காட்சியில் நாம் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். 'உக்காருங்க', 'வந்தாங்க', 'எங்க போறீங்க' என்பன அதன் வடிவங்கள். மொழியியலாளர்கள் இதைப் பொதுப் பேச்சுத் தமிழ் என்கிறார்கள். இது மற்ற வழக்குகளைவிட உயர்ந்தது என்பதல்ல. அதிக ஊர்களில் செல்லும் என்பதே இதன் பயன்.

பேச ஒன்று, கேட்கப் பல, படிக்க ஒன்று

இப்போது அந்தச் சிறுமிக்குத் திரும்புவோம். அவளுக்கான விடையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பேச ஒரு தமிழ். பொதுப் பேச்சுத் தமிழில் தொடங்குவது நல்லது. அவளுடைய அப்பாவின் வேலை அடுத்த ஆண்டு ஓசூருக்கோ திருப்பூருக்கோ மாறலாம். அங்கேயும் அது உதவும். முதல் வாரத்தில் அவளுக்கு வேண்டியவை "டீச்சர், வயிறு வலிக்குது", "தண்ணி குடிக்கணும்", "பாத்ரூம் போகணும்", "எனக்குப் புரியல" போன்ற நாலைந்து வாக்கியங்கள். "நான் நீர் அருந்த விரும்புகிறேன்" என்று கற்றுக்கொடுத்தால் வகுப்பே சிரிக்கும். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான குழந்தையை மறுபடி வாய் திறக்க வைப்பது கடினம்.

இரண்டாவது, கேட்கப் பல தமிழ். அவளுக்கு நம்மைவிட அதிகம் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போவது பக்கத்தில் இருக்கும் சிறுமிதான். அவள் 'குந்து' என்றுதான் சொல்வாள்; அதைத் திருத்த வேண்டாம். "குந்துன்னாலும் உக்காருன்னாலும் ஒண்ணுதான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். சில மாதங்களில் புதிய சிறுமியும் 'குந்து' என்று பேசத் தொடங்கினால் அது நல்ல செய்தி. தோழிகள் கிடைத்துவிட்டார்கள் என்று பொருள்.

மூன்றாவது, படிக்க எழுத்துத் தமிழ். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் பேச்சின் மீது ஏற்றித் தர வேண்டும். 'அமர்ந்தான்' என்ற சொல் வரும்போது அவளுக்கு 'உக்காந்தான்' ஏற்கெனவே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

பேச்சிலிருந்து எழுத்துக்குப் பாலம்

பேச்சும் எழுத்தும் தாறுமாறாக விலகி நிற்கவில்லை. விலகலில் ஒழுங்கு இருக்கிறது. ஐந்து ஒழுங்குகளைக் காட்டினால் குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள்.

1. எழுத்தில் 'ற்ற்' வருவது பேச்சில் 'த்த்' ஆகும்: காற்று – காத்து, சேற்றில் – சேத்துல.
2. சொல்லின் இறுதி ஐகாரம் குறுகும்: மழை – மழ, தலை – தல.
3. முதலெழுத்தின் இகரமும் உகரமும் சில இடங்களில் எகர, ஒகரமாகும்: இலை – எல, உடம்பு – ஒடம்பு.
4. இகர, ஐகாரத்தை அடுத்து வரும் 'த்த்', 'ந்த்' ஆகியவை 'ச்ச்', 'ஞ்ச்' ஆகும்: படித்தான் – படிச்சான், ஐந்து – அஞ்சு, நனைந்தது – நனஞ்சது.
5. நிகழ்கால இடைநிலை தேயும்: வருகிறான் – வரான், போகிறேன் – போறேன்.

இவற்றை விதிகளாக ஒப்பிக்க வைக்க வேண்டாம். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடச் சொல்லலாம்: 'நான் பேசுவது', 'தோழி சொல்வது', 'புத்தகத்தில் இருப்பது'. நாளுக்கு மூன்று சொற்கள் சேர்ந்தால் ஒரு பருவத்தில் அவளுக்கென்று ஒரு சிறு அகராதி தயாராகிவிடும். எழுதத் தெரியும்வரை தோழி எழுதித் தரட்டும். உள்ளூர்க் குழந்தைகளும் இந்த நோட்டைப் போடலாம். வீட்டில் பேசும் சொல் நோட்டில் இடம்பெறும்போது அவர்களுக்கும் அதன்மேல் மதிப்பு வரும்.

மதிப்பிடும்போது

'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்த அனுபவம் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு உண்டு. அரும்பு நிலையில் இருக்கும் இரண்டு குழந்தைகள் ஒரே தேவை உள்ளவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளூர்க் குழந்தைக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. புதிதாக வந்த குழந்தைக்கோ மொழியே இனிமேல்தான். எழுத்து அட்டையை மட்டும் நீட்டினால் 'அ', 'ஆ' சொல்லப் பழகிவிடுவாள். ஆனால் படித்த சொல்லுக்குப் பொருள் தெரியாது. அவளுக்குப் பாட்டு, விளையாட்டு, படம் பார்த்துப் பேசுதல் ஆகியவை முதலில் வேண்டும். வாய்மொழியில் 'நோவுது' என்று சொன்னால் முழு மதிப்பெண். கட்டுரையில் எழுதினால் 'வலிக்கிறது' என்ற வடிவத்தைப் பக்கத்தில் காட்டலாம்.

ஆசிரியருக்கும் உரிய பாடம்

நாமும் மாறுதலில் ஊர் ஊராகப் போகிறவர்கள்தாம். நெல்லையிலிருந்து கடலூர் வந்த ஆசிரியர் "பைய வா" என்றால், மெதுவாக வரச் சொல்கிறார் என்று புரியாமல் குழந்தை புத்தகப் பையைத் தேடலாம். இங்கே ஒரு குழந்தை "ஆயா ஊட்டுக்குப் போனேன்" என்றால், பள்ளி ஆயாவின் வீட்டுக்கா என்று வெளியூர் ஆசிரியர் யோசிக்கலாம். குழந்தை சொல்வதோ பாட்டியை. புதிய ஊரில் முதல் மாதம் நாமும் ஒரு மூன்று பத்தி நோட்டு போடலாம். "இதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?" என்று குழந்தைகளிடமே கேட்டு எழுதலாம். டீச்சருக்கே தெரியாத ஒரு சொல் தனக்குத் தெரியும் என்ற மகிழ்ச்சியில், வகுப்பில் வாய் திறக்காத குழந்தையும் சொல்ல முன்வரும்.

அந்தச் சிறுமியிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். 'உக்காரு' என்பதை அவள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு, அந்தச் சொல்லை நம் எழுத்தில் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் ஒருமுறை சொல்ல வைக்கலாம். அன்றைக்கு அவள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பாள். மறுநாள் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்க மாட்டாள்.