கோப்பி போனதும் தேயிலை நின்றதும்: ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுப்பது?

உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சேர், ஆராய்ச்சி செஞ்சா சம்பளம் யாரு தாற?" நான் தமிழ் படிப்பிக்கிறவன். சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் கண்டியிலிருந்து கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தூரம் போகத் தேவையில்லை.

1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. அப்போது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் நோய்ப்பட்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி, அது ஒரு பங்கசு என்று அறிந்துகொண்டார். ஆனால் கோப்பி நல்ல விலைக்குப் போன காலம் அது. நோயை முழுநேரமாக ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து சேர்ந்தது 1880இல்தான். நோய் கண்டு பதினொரு வருடம்! இரண்டு வருடத்தில் அவர் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பங்கசின் வித்திகள் காற்றில் பரவுகின்றன, ஈரமான இலையில் முளைத்து உள்ளே நுழைகின்றன, மலை மலையாக ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பாதை திறந்தது. விளக்கம் சரி. தோட்டங்களைக் காப்பாற்றக் காலம் கடந்துவிட்டது. காசு இருந்தபோது ஆராய்ச்சி இல்லை, ஆராய்ச்சி வந்தபோது கோப்பி இல்லை.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இம்முறை பாடம் படித்திருந்தார்கள். 1925இல் சட்டம் மூலம் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. அதற்கான பணம் ஏற்றுமதியாகும் தேயிலை மீதான சிறு தீர்வையிலிருந்து வந்தது. இதன் சூட்சுமம் எளிது. யாருக்கு இலாபமோ அவரே செலவைத் தாங்குகிறார். நோய் வந்த பிறகு பெட்டிசம் எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை. 1930களில் தேயிலையை வாட்டிய இலைசுருட்டிப் புழுவுக்கு எதிராக ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பலித்தது. ஆட்களும் ஆய்வுகூடமும் முன்னரே இருந்ததால்தான் அது முடிந்தது.

மூன்றாவது உதாரணம் நம் கண்ணுக்கெதிரே, ஹந்தானை மலையில் இருக்கிறது. 1981இன் சட்டத்தால் உருவான அடிப்படை ஆய்வு நிறுவகம் அது. நாஸாவின் நிலவுக் கற்களை ஆராய்ந்த சிரில் பொன்னம்பெரும 1984 முதல் சில ஆண்டுகள் அதை வழிநடத்தினார். சாயமூட்டிய சூரியக் கலங்கள், மண்ணுக்கான உயிர்ப்பசளை என்று அங்கே வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அடிப்படை ஆய்வுக்குத் தீர்வை கட்ட ஒரு 'தேயிலை' இல்லை. இன்றைய கேள்வியின் பலன் எந்தத் தொழிலுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. எனவே வரவு செலவுத் திட்டத்தையே நம்ப வேண்டும். நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டியே. அரசு மாறினால் முன்னுரிமையும் மாறும். ஆராய்ச்சிக்கோ பத்து வருடப் பொறுமை வேண்டும்.

இதற்கு நம் வரலாற்றில் ஒரு விடை உண்டு. 1259இல் நசீருத்தீன் தூசி மராகாவில் வானாய்வகம் தொடங்கியபோது அதன் செலவுக்கு வக்ஃபு வருமானம் ஒதுக்கப்பட்டது. ஆதரித்த ஹுலாகு 1265இல் இறந்தான். வானாய்வகமோ அதன் பின்னும் பல வருடங்கள் இயங்கியது. ஆட்சியாளன் போனாலும் பணம் நிற்காத ஏற்பாடு, துறை தெரிந்த தலைமை, நூலகமும் கருவிகளும் ஒழுங்காகப் பேணப்படும் நிர்வாகம். மூன்றும் சேர்ந்ததால்தான் அது நிலைத்தது.

நம் சமூகத்துக்கும் இது புதிதல்ல. 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தபோது, ஏழைப் பிள்ளை பல்கலைக்கழகம் போவதே கனவு. இன்று பிள்ளைகள் போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பட்டம் முடிந்ததும் நம் உதவியும் முடிந்துவிடுகிறது. பள்ளிவாசலுக்கு மாபிள் பதிக்க ஒரு ஜும்ஆவில் காசு சேர்க்கிற ஊர்கள் நாம். பேராதனையில் ஆய்வுப் பட்டம் செய்கிற ஒரு பிள்ளைக்கு மூன்று வருடம் மாதாமாதம் கொடுக்க நிரந்தரமான ஒரு வக்ஃபு ஏன் வைக்க முடியாது? ஒரு கடை வாடகை போதும்.

அந்த மாணவனுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "மகன், சம்பளத்த யாராவது முன்கூட்டியே எடுத்து வெச்சிருக்கணும். இல்லாட்டி கோப்பிக்கு நடந்ததுதான் நடக்கும்."