வெளுத்த இலையும் வாங்காத பில்லும்

நெல் இலையை நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரங்களையும் பட்டு நூலால் தைத்து, உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்பது இலைச்சுருட்டுப்புழு. மடிப்பைப் பிரித்தால் பச்சைப் புழு ஒன்று வெடுக்கென்று துள்ளி விழும். அது இருந்த இடத்தில் எச்சத் துணுக்குகள் கிடக்கும். சுரண்டிய இடம் வெள்ளைக் கோடாகிவிடும். தாய் அந்துப்பூச்சி மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். இறக்கையில் கருநிற நெளிகோடுகள் ஓடும்.

வயல் வெளுத்ததும் மருந்துக்கடைக்கு ஓடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. முதலில் எண்ண வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைகளும், பூக்கும் பருவத்தில் கதிரை ஒட்டிய கண்ணாடி இலைகளில் நூற்றுக்கு ஐந்தும் சேதமானால்தான் மருந்து தேவை. வயலின் குறுக்கே நடந்து பத்துக் குத்துகளில் எண்ணினால் கணக்குத் தெரிந்துவிடும். அதற்குக் கீழே இருந்தால் வரப்புப் புல்லை அகற்றுவது, யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுவது, விளக்குப்பொறி வைப்பது, ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து 200 லிட்டர் கரைசலாகத் தெளிப்பது ஆகியவையே போதும். கரும்பச்சையாகத் தழைத்த பயிரைத்தான் இந்தப் புழு நாடுகிறது. யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டுப் புழுவைத் திட்டிப் பயனில்லை.

போரேட் குருணை மருந்து இந்தப் புழுவை மேலும் பெருக்கக்கூடியது. 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு என்று யாராவது நீட்டினால் வாங்கக் கூடாது. பைரித்திராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகும். இலைச்சுருட்டுக்கு அடித்துப் புகையானை வரவழைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

மருந்து தேவைப்பட்டால் முதலில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வேளாண்மை அலுவலரிடம் சேதமடைந்த இலைகளைக் காட்டி, பரிந்துரையை எழுத்தில் கேட்க வேண்டும். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பிறகு கடைக்குப் போகலாம்.

கடையில் பில் கேட்க வேண்டும். பூச்சிக்கொல்லி விதிகள், 1971-இன்படி பில் இல்லாமல் மருந்து விற்கவே கூடாது. துண்டுச் சீட்டு பில் ஆகாது. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள், விலை எல்லாம் பில்லில் இருக்கிறதா என்று கடையிலேயே டப்பாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டப்பாவின் முக்கோணம் நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. தெளித்தவருக்கு மயக்கமோ வாந்தியோ வந்தால் 108-ஐ அழைத்து, லேபிளோடு டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

மருந்து வேலை செய்யாமல் போனால், அல்லது பயிர் கருகினால், டப்பாவைக் கழுவி எறிவதுதான் அடுத்த தவறு. உடைக்காத இன்னொரு டப்பா இருந்தால் திறக்காமல் வைத்திருக்க வேண்டும்; திறந்த டப்பாவின் மருந்தை விற்றவர் எளிதாக மறுத்துவிடுவார். வயலைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு, மாவட்ட வேளாண்மைத் துறையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலுள்ள பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு மனு எழுத வேண்டும். மனுவில் தொகுதி எண்ணையும் கடைப் பெயரையும் தெளிவாக எழுதி, பில் நகலை இணைக்க வேண்டும். ஆய்வாளருக்குக் கடையில் மாதிரி எடுக்கும் அதிகாரம் உண்டு. பகுப்பாய்வாளர் 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பக் கூடாது. "பார்க்கிறோம்" என்ற வாய்ச்சொல்லைச் சான்றாகக் காட்ட முடியாது. பதில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே நகலைக் கொடுக்க வேண்டும்.

இழப்பீடு கேட்கும் இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பில் மட்டும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

பயிர்க் காப்பீட்டில் ஒரு குழப்பம் தொடர்கிறது. 72 மணி நேரத்துக்குள் தனி வயல் சேதத்தைத் தெரிவிக்கும் விதி ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றுக்கே உரியது. பூச்சிச் சேதத்துக்குத் தனி வயல் கணக்கு இல்லை. அறிவிக்கப்பட்ட பகுதியின் பயிர் அறுவடைப் பரிசோதனையில் மகசூல் குறைந்தால்தான் தொகை வரும். அதைப் பெறவும் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலுடன் கெடுவுக்குள் காப்பீடு செய்திருக்க வேண்டும்.