பிளாஸ்ரிக் வீரனை மூட்டு மூட்டாகக் கழற்றுவது எப்படி?

வெஸ்ட் வின்ட்சரில் எம்மவர் வீடுகளின் பேஸ்மன்ற்றுக்குள் போனால், பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்ட பிளாஸ்ரிக் வீரர்கள் ஒரு பெட்டிக்குள் கிடப்பார்கள். ஒருவருக்குக் கை இராது, இன்னொருவருக்குத் தலை ஆடும். இவற்றைப் பிரித்து, பாகங்களை மாற்றி, நிறம் பூசி, வேறோர் உருவமாக்குவதை எமது பிள்ளைகள் 'கஸ்டமைஸிங்' என்கிறார்கள். போருக்குத் தப்பி வந்த எங்களுக்குத் துப்பாக்கி ஏந்திய பொம்மை கண்ணை உறுத்தும். ஆனால் அந்தத் துப்பாக்கியைக் கழற்றி வைக்கும் வழியும் இதே வேலைக்குள்தான் இருக்கிறது.

ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் 12 அங்குல உயரத்தில் ஜி.ஐ. ஜோவை விற்பனைக்கு விட்டது. ஆண்பிள்ளைகளுக்குப் 'பாவை' என்று சொல்லி விற்கமுடியாது என்பதால்தான் 'அக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயர் வந்தது. 1982இல் அது 3¾ அங்குலமாகச் சிறுத்தது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஃபன்ஸ்கூலும் ஹாஸ்ப்ரோவின் உரிமத்துடன் இவற்றை இந்தியாவில் தயாரித்தது. வழமைக்கு மாறான நிறங்களில் வந்ததால், அவற்றை இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

எப்படிக் கழற்றுவது?

1982 வகையைக் கழற்றுவது மிகச் சுலபம். முதுகில் ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் நெஞ்சும் முதுகும் இரண்டாகப் பிரியும். தலையும் கைகளும் தாமாகவே வெளியே வரும். இடுப்பையும் கால்களையும் உடலோடு இழுத்துப் பிடித்திருப்பது உள்ளேயுள்ள ஒரு றப்பர் வளையம். பழைய பொம்மையில் அது உக்கிப் போயிருக்கும். அதே அளவில் புதிய வளையம் போட்டால் ஆள் மறுபடி நிமிர்ந்து நிற்பார்.

இப்போது வரும் 6 அங்குல உருவங்களில் பெரும்பாலும் திருகாணி இல்லை. தலை ஒரு குமிழில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே சூடுதான் கருவி. மென்மையான பாகங்கள் பிவிசியால் ஆனவை. கொதிக்கும் தண்ணீரின் சூட்டிலே இளகிவிடும். மூட்டுகளில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் இளகுவதற்கு 100 பாகை செல்சியஸுக்கும் மேலே சூடு வேண்டும். தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது என்பதால், தலை இளகும், குமிழ் இறுகியே நிற்கும். ஓரிரு நிமிடம் சுடுதண்ணீரில் வைத்து, மெதுவாகத் திருகி இழுத்தால் போதும். பூட்டிய பிறகு குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் பிளாஸ்ரிக் இறுகிவிடும். பனிக்காலத்தில் கராஜில் கிடந்த பொம்மையை அப்படியே திருகினால் மூட்டு முறியும்.

நிறம் பூசுமுன் சவர்க்காரத்தால் கழுவிக் காயவிட வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நிறமே நல்லது. சில ஸ்பிறே நிறங்கள் பிவிசியில் காயாமல் பிசுபிசுத்தபடியே இருக்கும். மூட்டுகள் உரசும் இடத்தைச் சாண்ட் பேப்பரால் சற்றுத் தேய்த்து இடைவெளி விட்டால் நிறம் உரியாது. அசிற்றோனைக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. அது ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும்.

கவனமும் கணக்கும்

சுடுதண்ணீரும் கத்தியும் பெரியவர்கள் கையில்தான் இருக்கவேண்டும். பிளாஸ்ரிக்கை நெருப்பில் காட்டவே கூடாது. பிவிசி எரிந்தால் நச்சுப்புகை வரும். அமெரிக்காவில் விளையாட்டுப் பொருட்களில் சிலவகை தாலேற்றுகளை 0.1 வீதத்துக்குக் கட்டுப்படுத்திய சட்டம் 2008இல்தான் வந்தது. அதற்கு முந்திய பொம்மைகளைச் சிறுகுழந்தைகள் வாயில் வைக்க விடவேண்டாம்.

கணக்குப் பார்ப்பவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறோம். பெட்டி பிரிக்காத பழைய பொம்மைக்குச் சந்தையில் பெறுமதி உண்டு. பிரித்த கணமே அது குறையும். பழகுவதற்குக் கராஜ் சேலில் கிடைக்கும் கை உடைந்தவையே போதும். செய்ததை விற்றுக் காசு பார்த்தால் அது வருமானம். வரிப் படிவத்தில் காட்டவேண்டும்.

கடையில் எமது நிறத்தில், எமது முகச்சாயலில் ஒரு வீரனைத் தேடினால் கிடைப்பது அரிது. மண்ணிறம் கலந்து பூசி, சீருடையைத் தேய்த்தழித்து, துணித்துண்டில் சாரம் கட்டிவிட்டால் அவர் ஒரு மீனவராகலாம், கள் இறக்குபவராகலாம், பள்ளிக்கூட வாத்தியாராகலாம். அவர் யார், எந்த ஊர் என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்ற சொற்களும் கழற்றும்போதே வாயில் பழகும். தமிழ்ப் பாடசாலைக்கு வர மறுக்கும் பிள்ளையும் இந்த மேசைக்கு வரும். ஊரைப் பற்றிப் பேசுவதற்கு எமக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது.