தப்பின் அடிகளை யார் காப்பாற்றுவது?

1869ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தின் மடுல்சீமையிலுள்ள கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். இலங்கையின் கோப்பித் தொழிலையே அழித்த இலைத்துரு நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. துரைமார் மாறினார்கள், கம்பனிகள் கைமாறின, தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி 1992க்குப் பிறகு மறுபடியும் தனியார் நிர்வாகத்துக்குப் போயின. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரைப் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த சனங்கள் தங்களோடு கொண்டுவந்த தப்பு என்ற தோல் மேளம் மட்டும் இத்தனைக்கும் நடுவில் ஓயாமல் ஒலித்தது.

இனி எத்தனை காலம் ஒலிக்கும்? கருவி அழிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. தப்பை விலைக்கு வாங்கலாம். யூடியூப் பார்த்துத் தட்டவும் பழகலாம். ஆபத்தில் இருப்பது அதன் அடிகள். எந்தச் சடங்குக்கு எந்த அடி, கூத்தில் எந்த வேடம் களத்துக்கு வரும்போது எந்த நடை, எங்கே தணிய வேண்டும், எங்கே தூக்க வேண்டும் என்ற அறிவு முழுவதும் தோட்டத்து முதியவர்களின் கைகளில் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மலையகத்தில் தப்பு செய்த வேலைகளைக் கணக்கெடுத்தால் ஒரு மனித வாழ்க்கை முழுவதும் அதற்குள் வந்துவிடும். கோயில் திருவிழாவுக்குச் சாமித் தப்பு, இறந்த வீட்டுக்குச் சாவுத் தப்பு. விடியுமுன் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை எழுப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு வரவழைத்தது பெரட்டுத் தப்பு. சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழில் தந்த 'தேயிலைத் தோட்டத்திலே' கவிதை தொடங்குவதே அந்த அதிகாலை முழக்கத்தோடுதான். பகலில் துரையின் கட்டளையைச் சொன்ன அதே தோல், இரவில் சனங்களின் சொந்தக் கதையைச் சொன்னது. இந்த இரட்டை வாழ்க்கை உலகத்தில் அதிகக் கருவிகளுக்கு வாய்த்ததில்லை.

அந்தச் சொந்தக் கதைகளில் பெரியது காமன் கூத்து. மாசி மாத வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டிவிட்டால், தகனம் நடக்கும் நாள்வரை தோட்டமே அதைச் சுற்றித்தான். ரதி மன்மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போவது, நெற்றிக்கண்ணில் எரிவது, ரதியின் புலம்பல் என்று கதை விரியும். தூதன், வீரபத்திரர், காளி, எமன் ஒவ்வொருவரின் வரவுக்கும் தப்பு தனித்தனியாகப் பேசும். பாட்டுக்காரர் தொடங்கும்போது அடி தணிந்து சொற்களுக்கு வழிவிடும். ஆட்டம் எழும்போது அதுவும் எழும். விடிய விடிய இதை நடத்தும் தப்புக்காரரின் கையில் ஏடு எதுவும் இல்லை. எல்லாம் காதால் கேட்டுக் கையில் ஏறிய பாடம். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளுக்கும் இதே நிலைதான்.

கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு மரச்சட்டம், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இறுக்கி ஒட்டிய தோல். தமிழ்நாட்டில் இதைப் பறை என்பார்கள்; அங்கே அதைச் செய்கிறவர்கள் வளைந்த மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்துச் சட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுவார்கள். தோளில் தொங்கவிட்டு உடலோடு அணைத்துப் பிடித்து, ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியுமாக அடிப்பார்கள். தடித்த குச்சி நடுத்தோலில் விழுந்தால் ஆழமான முழக்கம். மெல்லிய குச்சி முழு நீளமும் படிய விழுந்தால் 'சட்' என்று கூர்மையான சத்தம். இந்த இரண்டையும் கலந்துதான் அத்தனை அடிகளும்.

வாசிக்கும் முன் தப்பைத் தீயில் காட்டுவது சம்பிரதாயத்துக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய தோல் தளர்ந்து, சுருதி இறங்கிவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திச் சூடு காட்டினால் ஈரம் வெளியேறித் தோல் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். ஐப்பசியிலிருந்து தை வரை மழையும் பனிமூட்டமும் விட்டு விலகாத மடுல்சீமை போன்ற மலையில் இது சாதாரண விஷயமில்லை. எவ்வளவு நேரம் காட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை விரலால் தட்டிக் காதால் கேட்டே தீர்மானிப்பார்கள். கொஞ்சம் அதிகமானால் தோல் கிழிந்துவிடும். இந்தக் கணக்கும் எங்கும் எழுதப்படவில்லை.

இசைக்கருவிகளை ஆராய்வது தமிழருக்குப் புதிதில்லை. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று, ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்பதை வைத்து நம்மவர்கள் வகுத்தார்கள். 1914இல் ஹொர்ன்போஸ்டலும் கூர்ட் சாக்ஸும் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட, உலக அருங்காட்சியகங்கள் இன்றும் பின்பற்றும் வகைப்பாட்டின் அடிப்படையும் இதுவே. ஈழத்தில் இந்தத் துறையின் பெருஞ்சாதனை சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்'. 1947இல் வெளிவந்த அந்த நூலுக்காக அவர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வாசிப்பார் இல்லாமல் மறைந்துபோன ஒரு கருவியைச் செய்யுள் வரிகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. தப்புக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. வாசிக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேட்டால் போதும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கருவியை அளந்து படம் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதோடு ஆய்வு முடிந்த காலம் போய்விட்டது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கத்தைப் பற்றிய நூல்தான். ஆனால் அதன் நாயகர்கள் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, மூட்டி, மேடைக்கு வராமலே போன தொழிலாளர்கள். 2016இல் ஹூயிப் ஷிப்பர்ஸும் கேத்தரின் கிராண்டும் தொகுத்த, இசை மரபுகளின் நீடித்த எதிர்காலம் பற்றிய நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு இசை பிழைக்குமா என்று அறிய ஐந்து பக்கமும் பார்க்கச் சொல்கிறது: கற்றுக்கொடுக்கும் முறை, கலைஞரும் சமூகமும், இசைக்கான சந்தர்ப்பங்களும் அதைப் பற்றிய எண்ணங்களும், சட்டமும் வசதிகளும், ஊடகமும் சந்தையும்.

தப்பை இப்படிப் பார்த்தால் மிகவும் நோகும் இடம் உடனே தெரிகிறது. அது எண்ணங்களின் பக்கம். தப்பு ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக இருந்தது. மற்றவர்களின் இழவு வீட்டுக்குப் போய் வாசிக்க வேண்டும், கூலியாகக் கொஞ்சம் காசும் சாராயமும் கிடைக்கும், மரியாதை கிடைக்காது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை படித்து முன்னேறியதும் தப்பைத் தொட மறுத்தால் அதில் குறை காண யாருக்கும் உரிமையில்லை. மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பாரத்தை மறுபடியும் அதே தோளில் ஏற்ற நினைத்தால் அது அநியாயம்.

வேறு வழி உண்டு என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்து, ஆணுக்கும் இழவுக்கும் மட்டும் என்றிருந்த விதியை உடைத்தார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மட்டக்களப்பில் பேராசிரியர் சி. மௌனகுரு போன்றவர்களின் முயற்சியால் பறைமேளம் பல்கலைக்கழக மேடைக்கு வந்தது. சிங்கள மரபில் கெட்ட பெர மேளமும் ஒரு சாதியின் கடமையாகத்தான் இருந்தது; இன்று பாடசாலைகளிலும், கொழும்பில் உள்ள கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும் யார் வேண்டுமானாலும் அதைப் பயிலலாம்.

மிருதங்கத்துக்கு வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது. சொற்கட்டு எழுதிய புத்தகம் இருக்கிறது, ஆசிரியர் நியமனம் இருக்கிறது. தப்புக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. தப்பை மிருதங்கம்போல் ஆக்க வேண்டியதில்லை. தப்புக்காரருக்கு மிருதங்க வித்துவானுக்குரிய மரியாதையும் ஊதியமும் கிடைத்தால் போதும்.

கருவி செய்யும் பொருள்களின் பக்கமும் நெருக்கடி உண்டு. வயலின் வில்லுக்கான பெர்னம்புகோ மரத்தின் வர்த்தகம் 2007 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இலங்கையில் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் வேண்டிய பலாவை அனுமதியின்றி வெட்ட முடியாது. தோலுக்கு மாற்றாக அமெரிக்காவில் 1950களில் பிளாஸ்டிக் மேளத்தோல் சந்தைக்கு வந்தது. இன்று பறைக்கும் அது வந்துவிட்டது. மழையில் தளராது, தீயும் வேண்டாம், பிள்ளைகள் பழகுவதற்கு அது நல்லதுதான். ஆனால் தோலின் அடிக்குரல் அதில் வராது. கூத்துக் களத்துக்குத் தோல் தப்பே வேண்டும்; அதை மூட்டத் தெரிந்தவருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அந்தக் கைப்பழக்கமும் நிற்கும்.

இன்று மடுல்சீமைக்கு வரும் வெளியூர் இளைஞர்கள் பிட்டமாருவ மலைவிளிம்பில் கூடாரம் அடித்துக் கைத்தொலைபேசியில் மேகத்தைப் படம் பிடிக்கிறார்கள். அதேபோலத் தங்கள் கைத்தொலைபேசியைப் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பிள்ளைகள் தங்கள் லயத்துப் பெரியவர் பக்கம் திருப்பட்டும். வரும் மாசியில் எந்தத் தோட்டத்தில் கம்பம் ஊன்றினாலும், ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி, அதன் பெயரையும் சந்தர்ப்பத்தையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவுசெய்யுங்கள். முதலில் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பதிவில் அவர் பெயரைப் போடுங்கள். ஒரு பிரதியைப் பாடசாலையில் வையுங்கள், இன்னொன்றை ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஆசிரியர்கள் அந்தப் பெரியவரை ஒரு நாளாவது வகுப்பறைக்கு அழைத்து, பெண் பிள்ளைகள் கையிலும் குச்சியைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். தேசிய கல்வி நிறுவகம் இசைப் பாடத்திட்டத்தை அடுத்த முறை திருத்தும்போது, தப்புக்கும் ஒரு செய்முறைப் பாடம் ஒதுக்க வேண்டும் என்று மலையகப் பாடசாலைகள் எழுத்திலேயே கேட்கட்டும்.