படங்கள் போய்விட்டனவா?

சுருளி அருவி, கம்பம் திராட்சைத் தோட்டம், லோயர்கேம்பில் 2013-ல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபம்... தேனி மாவட்டத்தைச் சுற்றி எடுத்த படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், சிறு படங்களைக் காணோம்! எல்லாம் ஒரே மாதிரிச் சின்னங்கள். கெட்டுவிட்டதென்று அழிப்பவர்களும் உண்டு. அவசரம் கூடாது!

சிறு படம் வேறு, அசல் வேறு. ஒவ்வொரு படத்துக்கும் விண்டோஸ் ஒரு சிறு நகல் எடுத்துத் தனியே வைக்கிறது. பழுதாவது பெரும்பாலும் அந்த நகல்தான்.

முதலில் படத்தை இருமுறை தட்ட வேண்டும். திறந்தால், அசல் பத்திரம்!

'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்', 'வியூ' பகுதியில் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்பதில் குறி இருந்தால் எடுத்துவிட வேண்டும். சரியாகவில்லையா? 'டிஸ்க் கிளீனப்'பில் 'தம்ப்நெயில்ஸ்' மட்டும் நீக்கினால், சிறு படங்கள் புதிதாக உருவாகும்.

படம் திறக்கவே இல்லையா? செல்போனில் உள்ளதை அழிக்காமல் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்!