தோற்றுக்கொண்டே இருந்த அணி



வென்றவர்களின் வரலாற்றைச் சொல்லிக் கேட்க எவரும் விரும்புவர். நான் இன்று எடுத்துக்கொண்டதோ, தொடர்ந்து 44 ஆட்டங்களில் தோற்ற ஒரு கல்லூரி அணியின் வரலாறு. அது நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழக அணி.

அமெரிக்கர் கால்பந்து என வழங்குவது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவினது; அதைக் கையில் ஏந்தி ஓடுவர், அல்லது எறிவர். பக்கத்திற்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். கம்பங்களின் இடையே உதைத்தனுப்பினால் 3. ஆளை ஆள் மோதித் தள்ளும் ஆட்டமாதலால் உடல் வலிமை மிகவும் வேண்டும். ஆட்டக்காலம் இலையுதிர் பருவம். ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து ஆட்டங்கள்.

கொலம்பியா தோற்கவே பிறந்த அணியன்று. 1934ஆம் ஆண்டுப் பிறப்பன்று கலிபோர்னியாவில் நடந்த புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்போர்டை 7-0 என வென்றது. 1947இல், 32 ஆட்டங்களாகத் தோல்வி காணாதிருந்த இராணுவக் கல்லூரி அணியை 21-20 என்று வீழ்த்தியது. அத்தகைய அணி, 1983 அக்டோபரில் யேல் பல்கலைக்கழகத்தை வென்றபின் ஐந்தாண்டுக் காலம் ஒரு வெற்றியும் காணவில்லை. 1984இல் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. 1985, 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் பத்துப் பத்து, முப்பதும் தோல்வி. 1984இல் திறக்கப்பெற்ற அவர்களுடைய புதிய அரங்கம், நான்காண்டுகள் சொந்த அணியின் வெற்றியையே அறியாதிருந்தது!

இதற்குக் காரணம் என்ன? கொலம்பியா சேர்ந்துள்ள ஐவி லீக் என்னும் எட்டுப் பல்கலைக்கழகக் குழுவில், விளையாட்டுத் திறமைக்கென உதவிச் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் அந்த விதி எட்டுக்கும் பொது. கொலம்பியாவுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. வகுப்புகள் 116ஆம் தெருவில். ஆடுகளமோ நூறு தெருக்களுக்கு அப்பால், மன்ஹாட்டன் தீவின் வடகோடியில். வகுப்பு முடிந்து பயிற்சிக்குச் சென்று திரும்புவதே ஒரு பயணம்.

இவற்றினும் பெரிய காரணம் தோல்வியே. ஆட வல்ல மாணவன் ஒருவனை இரண்டு கல்லூரிகள் அழைத்தால், ஓராண்டாக வெல்லாத கல்லூரியை அவன் நாடுவானா? நல்ல ஆட்டக்காரர் வாராமையால் அணி மெலியும். மெலிந்த அணி மீண்டும் தோற்கும். மறு ஆண்டு வருவோர் இன்னும் குறைவர்.

1985இல் ஜிம் காரெட் என்பார் புதிய பயிற்சியாளராக வந்தார். முதல் ஆட்டம் ஹார்வர்டுடன். கொலம்பியா 17-0 என முன்னணியில் நின்றது! பின்னர் ஹார்வர்டு ஒரு புள்ளியும் கொடாமல் 49 புள்ளிகளைக் குவித்தது. ஆட்டம் முடிந்ததும் காரெட் செய்தியாளர் முன்னிலையில் தம் மாணவர்களையே மிகக் கடுமையாகப் பழித்துரைத்தார். எஞ்சிய ஒன்பது ஆட்டங்களும் போயின. ஆண்டின் இறுதியில் அவரும் விலகினார்.

அவரை இகழ எனக்குத் தகுதியில்லை. நான் தலைமையாசிரியனான முதலாண்டில் எங்கள் பள்ளிக் கால்பந்து அணி முதற்சுற்றிலேயே ஆறு கோல் வாங்கித் திரும்பியது. மறுநாட் காலை இறைவணக்கக் கூட்டத்தில் அப்பிள்ளைகளை முன்னே நிறுத்தி, பள்ளியின் மானத்தை விற்றுவிட்டீர்கள் என்றேன். அடுத்த ஆண்டு அணியில் சேரப் பெயர் கொடுத்தவர் நால்வர். உடற்பயிற்சி ஆசிரியர் அந்தத் தாளை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தத் தாளில் எழுத்தைவிட வெற்றிடமே மிகுதி.

கொலம்பியாவில் தாள் வெறுமையாகவில்லை. 1987 அக்டோபரில் பிரின்ஸ்டனிடம் தோற்றபோது அது 35ஆவது தோல்வி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 34 என்னும் பழைய கணக்கை அது கடந்தது. நாடெங்கும் ஏளனப் பேச்சு. எனினும் மறு சனிக்கிழமையும் அவர்கள் களமிறங்கினர். (பின்னாளில் டெக்சாஸ் மாநிலத்துப் பிரேரி வியூ கல்லூரி 80 ஆட்டங்கள் தோற்று இக்கணக்கையும் கடந்தது, 1998இல்தான் அது வென்றது.)

1988 அக்டோபர் 8. மீண்டும் அதே பிரின்ஸ்டன், கொலம்பியாவின் சொந்தக் களத்தில். பிரின்ஸ்டனின் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தியவர் ஜேசன் காரெட். முன்சொன்ன பயிற்சியாளரின் மைந்தர்! இறுதி நேரத்தில் பிரின்ஸ்டன் உதைத்த பந்து கம்பங்களை எட்டாமல் விழுந்தது. கொலம்பியா 16, பிரின்ஸ்டன் 13. மாணவர்கள் களத்துட் பாய்ந்து கம்பங்களைப் பெயர்த்தெடுத்தனர்.

அவ்வாண்டு கொலம்பியா இன்னும் ஒருமுறையே வென்றது, எட்டில் தோற்றது. குழுவின் முதலிடத்தை அது பிற அணிகளோடு பகிர்ந்துகொண்டது 2024இல். அதற்கு முன் அப்பேறு வாய்த்தது 1961இல்.

எனக்கு மட்டும் வேறு சிலர் நினைவுக்கு வருகின்றனர். அக்காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடுதல் கூடாது. ஆதலின் 1984இல் கல்லூரி புகுந்தவர்கள் ஆடியவை 1985 முதல் 1987 வரையிலான அந்த முப்பது ஆட்டங்களே. ஒன்றிலும் வெல்லாமல், 1988இன் கோடைக்கு முன்பே பட்டம் பெற்றுப் போய்விட்டனர். பிரின்ஸ்டனை வென்ற நாளில் களத்திலிருந்த இளையோர்க்குப் பயிற்சியில் தோள்கொடுத்து ஆடியவர்கள் அவர்கள்தாம்.