வான்நோக்கு இரவு

கல்லூரியோ ஆய்வு நிலையமோ தன் தொலைநோக்கியை ஊராருக்குத் திறந்துவிடும் இரவே வான்நோக்கு இரவு. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன இடம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். அங்கே 1986-இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுள்ளது. சனிக்கிழமை மாலைகளில் வருவோர் கண்வைத்துப் பார்ப்பது அதில் அல்ல, வேறொரு சிறிய கருவியில். சனியின் வளையம் தெரிய 40 மடங்கு பெருக்கமே போதும்.

நாள் குறிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பௌர்ணமியன்று கூட்டம் வரும், காட்சி வராது. நிலவொளி மங்கலான விண்மீன்களை விழுங்கிவிடும்; நிலாவின் முகத்திலும் வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழல் இராது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலைகளில் பள்ளங்களின் விளிம்புகள் செதுக்கியதுபோல் எழுந்து நிற்கும். பிறை பார்த்துத் தர்காவின் கந்தூரி விழாவுக்குக் கொடியேற்றும் நாகூருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாகூரிலேயே அப்படியோர் இரவு வைப்பதானால், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உரியவை. தை பிறந்தபின் வானம் தெளியும். அப்போதும் கடற்காற்றின் ஈரம் தொலைநோக்கிக் கண்ணாடியில் பனியாகப் படியும். ஒரு சாண் அட்டையைச் சுருட்டிக் குழாயின் வாயில் மாட்டினால் அது குறையும்.

ஊர் வடக்கு அட்சரேகை 10.8 பாகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் இங்கே நீட்டிய கையின் முட்டியளவு உயரத்தில்தான் நிற்கும். அதற்கு ஈடாகத் தென்வானம் திறந்து கிடக்கிறது. லண்டனில் உதிக்கவே உதிக்காத ஆல்ஃபா சென்டாரி, மே மாத இரவில் இங்கே தெற்கே 18 பாகை ஏறும். இதே கடற்கரையில், 1689-இல் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தை ஆராய்ந்துகொண்டிருந்த யேசுசபைப் பாதிரியார் ரிஷோதான் ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்று கண்டவர். இன்று சிறு தொலைநோக்கியிலும் அது இரண்டாகப் பிரிந்து தெரியும்.

வரிசையில் நின்று வருபவர் முதலில் செய்வது குழாயைப் பிடிப்பது. உடனே காட்சி நடுங்கும். கை படாவிட்டாலும், பூமி சுழல்வதால், தானாகத் திரும்பும் பொறியில்லாத கருவியில் கோள் ஓரிரு நிமிடத்தில் ஓரத்துக்கு நழுவிவிடும். படங்களில் சிவப்பும் நீலமுமாய்ப் பார்த்த ஓரியன் நெபுலா சாம்பல் புகையாகத் தெரிந்தால் குறை கருவியில் இல்லை; மங்கிய ஒளியில் கண் நிறம் அறியாது. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரைமணி நேரம் ஆகும். செல்போன் திரை அதை நொடியில் கெடுத்துவிடும் என்பதால், கருவி இருக்கும் மாடிக்கு ஏறும்போதே செல்போனைப் பையில் போட்டுவிடுவது நல்லது.